நாற்காலியில் கட்டப்பட்ட உளவாளி!
வீடியோ விளையாட்டில் எது சரித்திரம்? எது சரடு?

ஒரு இருட்டு அறை. நடுவில் ஒரு நாற்காலி. அதில் ஒருவனைக் கட்டி வைத்து இருக்கிறார்கள். எதிரே டெலிவிஷன் பெட்டிகள் மின்னுகின்றன. கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஒரு குரல் கேட்கிறது. சில எண்களைச் சொல்லி, அவற்றுக்கு என்ன பொருள் என்று அதட்டுகிறது. கட்டப்பட்டவனுக்குப் பொருள் தெரியாது. ஆனால் அந்த எண்கள் அவன் தலைக்குள் ஓயாமல் ஒலித்துக் கொண்டே இருக்கின்றன.

அவன் பெயர் அலெக்ஸ் மேசன். அமெரிக்க உளவாளி. ஆண்டு 1968.

இது சினிமா அல்ல. "கால் ஆப் டியூட்டி: பிளாக் ஆப்ஸ்" என்ற வீடியோ விளையாட்டின் தொடக்கம். 2010-ம் ஆண்டு நவம்பர் 9-ந் தேதி இது கடைக்கு வந்தது. அன்று ஒரே நாளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 56 லட்சம் பிரதிகள் விற்றன. 36 கோடி டாலர் வசூல்! ஆறு வாரத்தில் வசூல் 100 கோடி டாலரைத் தாண்டியது. எந்தச் சினிமாப் படமும் பொறாமைப்படும் தொகை இது.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் ஒரு துப்பாக்கி தெரியும். அதைப் பிடித்து இருக்கும் கை உங்கள் கை. நீங்கள்தான் வீரன். நீங்கள் நடந்தால் காட்சி நகரும். சுட்டால் எதிரி விழுவான். பலர் ஒன்று சேர்ந்து ஆடுவது ஒரு வகை. தனி ஒருவர் கதையை முதலில் இருந்து முடிவு வரை ஆடுவது இன்னொரு வகை. நாம் பார்க்கப் போவது இந்தக் கதையைத்தான். ஏன் என்றால், கதையில் வருகிறவர்களில் பலர் உண்மையில் வாழ்ந்தவர்கள். ஊர்களும் தேதிகளும் உண்மையானவை. உண்மைக்கு நடுவே பொய்யைச் சொருகி இருக்கிறார்கள். ஆடுகிற பையனுக்கு எது எது என்று எப்படித் தெரியும்?

கதை என்ன?

1961-ம் ஆண்டு ஏப்ரல் 17. மேசனும் இரண்டு கூட்டாளிகளும் கியூபாவுக்குள் நுழைகிறார்கள். கியூபாவின் தலைவர் பிடல் காஸ்ட்ரோவைக் கொல்வது அவர்கள் வேலை. படுக்கை அறைக்குள் புகுந்து மேசன் சுடுகிறான். காஸ்ட்ரோ விழுகிறார். ஆனால் செத்தவர் காஸ்ட்ரோ அல்ல. அவரைப் போல வேடம் போட்ட வேறு ஆள்!

மேசன் பிடிபடுகிறான். அவனை ரஷியத் தளபதி டிராகோவிச்சிடம் காஸ்ட்ரோ ஒப்படைக்கிறார். பனி உறையும் வொர்க்குட்டா சிறை முகாமில் அவனை அடைக்கிறார்கள். அங்கே ரெஸ்னோவ் என்ற ரஷியக் கைதி நண்பன் ஆகிறான். 1963-ல் கைதிகள் கலகம் செய்கிறார்கள். மேசன் தப்பி அமெரிக்காவுக்கு வருகிறான். ஜனாதிபதி கென்னடியே அவனை அழைத்துப் பேசுகிறார். டிராகோவிச்சைத் தீர்த்துக் கட்டும்படி உத்தரவு.

பிறகு வியட்நாம் போர்க்களம். மேசன் போகும் இடம் எல்லாம் ரெஸ்னோவ் வந்து துணை நிற்கிறான். ஒரு தீவில், நாஜி விஞ்ஞானி ஸ்டெய்னரைக் கொல்ல இருவரும் சேர்ந்து போகிறார்கள். அங்கேதான் பெரிய திருப்பம். ரெஸ்னோவ் அங்கே இல்லவே இல்லை! 1963-ல் சிறையில் இருந்து தப்பும்போதே அவன் செத்து விட்டான். மேசன் கண்டது எல்லாம் பிரமை. ரஷியர்கள் அவனுக்கு மூளைச் சலவை செய்து இருந்தார்கள். வானொலியில் எண்கள் ஒலித்தால் அவன் அவர்கள் சொன்னதைச் செய்வான். நாற்காலியில் கட்டி வைத்து விசாரித்தவர்கள்? அவனுடைய சொந்த ஆட்கள்தான்.

அவனுக்கு இடப்பட்ட கட்டளை என்ன? கென்னடியைக் கொல்வது! கடைசிக் காட்சியில், கென்னடி விமானத்தில் வந்து இறங்குகிறார். கூட்டத்தில் மேசன் நிற்கிறான். அத்தோடு திரை மூடுகிறது.

கதையைக் கட்டியவர்கள் கெட்டிக்காரர்கள். அதை மறுக்க முடியாது. ரெஸ்னோவுக்குக் குரல் கொடுத்தவர் பிரபல நடிகர் கேரி ஓல்ட்மேன். ஆடுகிறவன் கண்ணால் கண்டதையே நம்பக் கூடாது என்று கதை சொல்கிறது. சுடும் விளையாட்டில் இது அபூர்வம்.

விஷ பேனா

சரி, இதில் உண்மை எவ்வளவு?

1961 ஏப்ரல் 17-ல் கியூபா மீது படையெடுப்பு நடந்தது உண்மை. காஸ்ட்ரோவைப் பிடிக்காமல் நாட்டை விட்டு ஓடிய கியூபாக்காரர்கள் சுமார் 1,400 பேர். அமெரிக்க உளவு இலாகாவான சி.ஐ.ஏ. அவர்களுக்கு ஆயுதமும் பயிற்சியும் கொடுத்தது. பன்றி வளைகுடா என்ற இடத்தில் இறக்கி விட்டது. மூன்றே நாளில் கதை முடிந்தது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பிடிபட்டார்கள். அவர்களை விடுவிக்க அமெரிக்கர் ஒருவர் பேரம் பேசினார். ஜேம்ஸ் டோனவான் என்ற வக்கீல். 1962 டிசம்பரில் 5 கோடியே 30 லட்சம் டாலர் பெறுமான உணவும் மருந்தும் கொடுத்து அவர்களை மீட்டார்கள்.

காஸ்ட்ரோவைக் கொல்ல மேசன் போனது கற்பனை. ஆனால் கொல்லத் திட்டம் போட்டது கற்பனை அல்ல! 1975-ல் அமெரிக்க செனட் சபையின் விசாரணைக் குழு ஒன்று அறிக்கை வெளியிட்டது. 1960 முதல் 1965 வரை சி.ஐ.ஏ. சம்பந்தப்பட்ட கொலைத் திட்டங்கள் குறைந்தது எட்டு என்று அது கூறியது. அவற்றைப் படித்தால் விளையாட்டின் கதை சாதுவாகத் தோன்றும்.

காஸ்ட்ரோ சுருட்டுப் பிரியர். அவருக்குப் பிடித்த சுருட்டுகளில் விஷம் தடவினார்கள். வாயில் வைத்தாலே மரணம். அடுத்தது விஷ மாத்திரை. சூதாட்ட விடுதி நடத்திய கொள்ளைக் கூட்டத் தலைவர்களை ரகசியமாகப் பிடித்தார்கள். காரியம் முடிந்தால் 1,50,000 டாலர் என்று பேரம். பலிக்கவில்லை. காஸ்ட்ரோ கடலில் மூழ்கி நீந்துவார் அல்லவா? ஒரு அழகான சிப்பிக்குள் வெடி வைத்து கடல் அடியில் போடலாமா என்று யோசித்தார்கள். நடக்காது என்று கைவிட்டார்கள்.

நீச்சல் உடுப்பின் கதை இன்னும் வேடிக்கை. முக்குளிக்கும் உடுப்பு ஒன்றில் தோல் வியாதி உண்டாக்கும் பூசணத்தையும், மூச்சுக் குழாயில் காச நோய்க் கிருமிகளையும் சேர்த்தார்கள். அதை யார் மூலம் கொடுப்பது? கைதிகளுக்காகப் பேரம் பேசிய அதே டோனவான் கையால் பரிசாகக் கொடுக்க நினைத்தார்கள். அவருக்கு விஷயமே தெரியாது. ஆனால் அவர் முந்திக் கொண்டார். தானாகவே ஒரு நல்ல நீச்சல் உடுப்பை வாங்கிக் காஸ்ட்ரோவுக்குப் பரிசு அளித்து விட்டார்! ஒரு உயிர் பிழைத்தது நல்ல மனதாலா, தற்செயலாலா என்று சொல்லத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் விடத் திடுக்கிட வைப்பது விஷ பேனா. எழுதும் பேனா போல இருக்கும். உள்ளே நுண்ணிய ஊசி. குத்தினால் தெரியாது. காஸ்ட்ரோவின் சர்க்காரில் உயர் பதவியில் இருந்த ஒருவருக்கு பாரிஸ் நகரில் வைத்து சி.ஐ.ஏ. அதிகாரி அதைக் கொடுத்தார். எந்த நாளில் தெரியுமா? 1963 நவம்பர் 22. அவர்கள் சந்திப்பு முடியும் வேளையில் செய்தி வந்தது: கென்னடியைச் சுட்டு விட்டார்கள்!

எந்தக் கதாசிரியராவது இப்படி எழுதினால், நம்பும்படி இல்லை என்று திருப்பி அனுப்பி விடுவார்கள்.

அரசியல் கொலை கூடாது என்று 1976-ல் ஜனாதிபதி போர்டு உத்தரவு போட்டார். காஸ்ட்ரோ எல்லாத் திட்டங்களுக்கும் தப்பினார். 2016 நவம்பர் 25-ல், 90-வது வயதில் இறந்தார்.

கியூபாவின் பதிலடி

விளையாட்டு வெளிவந்த உடனே கியூபா கொதித்தது. அப்போது காஸ்ட்ரோ உயிரோடு இருந்தார். உயிரோடு இருக்கும் ஒரு மனிதரைக் கொல்வது சிறுவர்களுக்குப் பொழுதுபோக்கா? அமெரிக்க சர்க்கார் 50 ஆண்டுகளாக முயன்றும் முடியாததைத் திரையில் செய்து திருப்திப்படுகிறார்கள் என்று கியூபாவின் அரசுச் செய்தித் தளம் எழுதியது. நியாயமான கோபம் என்றே எனக்குப் படுகிறது. நம் நாட்டுத் தலைவர் ஒருவரை இப்படிச் சுட வைத்தால் நாம் சும்மா இருப்போமா?

கியூபா வாயால் மட்டும் பேசவில்லை. 2013-ல் அங்கே உள்ள கம்ப்யூட்டர் சங்கத்தார் ஒரு விளையாட்டைத் தாங்களே செய்தார்கள். 1956-ல் காஸ்ட்ரோவும் கூட்டாளிகளுமாக 82 பேர் "கிரான்மா" என்ற படகில் வந்து இறங்கினார்கள் அல்லவா? அந்தப் புரட்சியே கதை. அதில் காஸ்ட்ரோவின் பக்கம் நின்று சுட வேண்டும். துப்பாக்கி அதேதான். சுடும் திசைதான் வேறு!

இதிலே ஒரு வேடிக்கை. அமெரிக்க விளையாட்டின் இன்னொரு பகுதியில் நடமாடும் பிணங்கள் படையெடுத்து வருகின்றன. அவற்றை எதிர்த்து கென்னடியும் காஸ்ட்ரோவும் தோளோடு தோள் நின்று சண்டை போடுகிறார்கள். பிணங்கள் வந்தால்தான் சமாதானம் போலும்.

எண்கள் உண்மையா?

வானொலியில் வரும் எண்கள் உண்மை! சிற்றலை வானொலி வைத்து இருந்தவர்கள் கேட்டு இருப்பார்கள். ஒரு பெண் குரல் எண்களை வாசிக்கும். ஐந்து ஐந்தாக வாசிக்கும். நிலையத்தின் பெயர் சொல்லாது. உலகத்தில் பல நாடுகள் ஒற்றர்களுக்குச் செய்தி அனுப்பிய வழி அது.

ஒற்றனிடம் எண்கள் அச்சடித்த சிறு ஏடு இருக்கும். அனுப்புகிறவரிடமும் அதே ஏடு. வானொலியில் வந்த எண்ணையும் ஏட்டில் உள்ள எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் செய்தி கிடைக்கும். ஒரு தாளை ஒரு தடவைதான் பயன்படுத்த வேண்டும். பிறகு அழித்து விட வேண்டும். ஏடு இல்லாதவன் எத்தனை மேதாவியாக இருந்தாலும் செய்தியைக் கண்டுபிடிக்க முடியாது.

அனா மோண்டஸ் என்ற பெண் அமெரிக்க ராணுவ உளவு இலாகாவில் பெரிய அதிகாரி. கியூபா விவகாரத்தில் நிபுணர். ஆனால் கியூபாவுக்கே உளவு சொல்லி வந்தார். வீட்டில் வானொலி வைத்து எண்களைக் கேட்டுத்தான் உத்தரவுகளைப் பெற்றார். 2001 செப்டம்பரில் பிடிபட்டார். 25 ஆண்டு தண்டனை. 2023 ஜனவரியில் விடுதலை ஆனார்.

ஆகவே எண்கள் மெய். எண்களைக் கேட்டதும் ஒருவன் பொம்மை போல எழுந்து போய்க் கொலை செய்வான் என்பது பொய்.

மூளைச் சலவை செய்தது யார்?

விளையாட்டில் மூளைச் சலவை செய்கிறவர்கள் ரஷியர்கள். ஆனால் அமெரிக்கா செய்த சோதனைக்குத்தான் செனட் சபை முன்பு சாட்சியம் இருக்கிறது. கொரியா யுத்தத்தில் சிறைப்பட்ட அமெரிக்க வீரர்களின் மனதை எதிரிகள் மாற்றி விட்டார்கள் என்று ஒரு பயம் பரவியது. அந்தப் பயத்தில் 1953-ல் சி.ஐ.ஏ. "எம்.கே. அல்ட்ரா" என்ற ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. மருந்து கொடுத்து மனதை அடக்க முடியுமா என்று பார்த்தார்கள். ஆஸ்பத்திரி நோயாளிகள், சிறைக் கைதிகள், ஒன்றும் அறியாத சாதாரண மக்கள் எல்லாரும் சோதனைக்கு ஆளானார்கள்.

பிராங்க் ஓல்சன் என்பவர் ராணுவ விஞ்ஞானி. அவர் குடித்த பானத்தில் பிரமை உண்டாக்கும் மருந்தை ரகசியமாகக் கலந்தார்கள். சில நாள் கழித்து நியூயார்க் ஓட்டல் ஒன்றின் உயர்ந்த மாடி ஜன்னலில் இருந்து விழுந்து இறந்தார். மருந்து கொடுத்த விஷயம் 22 ஆண்டுகள் குடும்பத்துக்குத் தெரியாது. 1975-ல் வெளிவந்தது. ஜனாதிபதி போர்டு நேரில் மன்னிப்புக் கேட்டார். மறு ஆண்டு ஏழரை லட்சம் டாலர் நஷ்ட ஈடு கொடுத்தார்கள்.

1973-ல் சி.ஐ.ஏ. தலைவர் ஹெல்ம்ஸ் உத்தரவுப்படி இத்திட்டத்தின் காகிதங்களை அழித்தார்கள். தப்பிப் பிழைத்தவை பெரும்பாலும் கணக்கு வழக்குக் காகிதங்கள். 1977-ல் அவை கிடைத்த பிறகுதான் செனட் சபையில் மறு விசாரணை நடந்தது. ஒற்றர்கள் மறந்தாலும் கணக்குப்பிள்ளைகள் மறப்பது இல்லை!

இதைச் சொல்லும் போது விளையாட்டுக் கம்பெனியைப் பாராட்டவும் வேண்டும். 2020-ல் வந்த "பிளாக் ஆப்ஸ் கோல்டு வார்" என்ற விளையாட்டில், மூளைச் சலவைக்கு உள்ளானவன் ஒரு எதிரி ஒற்றன். செய்தவர்கள் அமெரிக்கர்கள். எம்.கே. அல்ட்ரா என்ற பெயரையே சொல்கிறார்கள். பத்து ஆண்டு கழித்துத் தராசு கொஞ்சம் நேர் ஆனது.

கோர்ட்டுக்குப் போன தளபதி

2012-ல் வந்த இரண்டாம் பாகத்தில் பனாமா நாட்டின் பழைய சர்வாதிகாரி நோரீகா வில்லனாக வருகிறார். நிஜ நோரீகா அப்போது பனாமாவில் சிறையில் இருந்தார். ஒரு காலத்தில் சி.ஐ.ஏ.யிடம் பணம் வாங்கியவர். பிறகு பகையானார். 1989 டிசம்பரில் அமெரிக்கப் படை பனாமாவுக்குள் புகுந்தது. அவர் பிடிபட்டார்.

2014-ல் சிறையில் இருந்தபடியே அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் கோர்ட்டில் வழக்குப் போட்டார். என்னைக் கேட்காமல் என்னைக் கொலைகாரனாகக் காட்டிப் பணம் சம்பாதித்து விட்டார்கள் என்பது புகார். கம்பெனிக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவர் நியூயார்க்கின் முன்னாள் மேயர் ஜூலியானி. பேச்சுரிமையைக் காட்டி நீதிபதி வழக்கைத் தள்ளி விட்டார். அங்கோலா நாட்டுப் போராளித் தலைவர் சவிம்பி குடும்பத்தார் பிரான்சில் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்கும் வெற்றி கிடைக்கவில்லை.

நோரீகாவுக்காக நான் கண்ணீர் விட மாட்டேன். அவர் பேரில் இருந்த குற்றங்கள் சின்னவை அல்ல. ஆனால் பெரிய மனிதர்களால்தான் கோர்ட்டுக்குப் போக முடிகிறது. ஒரு சம்பவமே திரிக்கப்பட்டால் யார் போய் வழக்குப் போடுவது?

மரணச் சாலை

அப்படி ஒரு சம்பவம்தான் இது. 1991 பிப்ரவரி 26, 27. குவைத்தைப் பிடித்து வைத்து இருந்த ஈராக் படை தோற்று ஊருக்கு ஓடியது. பாஸ்ரா போகும் சாலையில் வண்டிகள் வரிசை வரிசையாகச் சென்றன. அமெரிக்கத் தலைமையிலான படையின் விமானங்கள் வரிசையின் முன்னும் பின்னும் குண்டு போட்டு வழியை அடைத்தன. பிறகு நடுவில் சிக்கியவற்றைத் தாக்கின. ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகள் கருகின. அந்தப் படங்களைப் பார்த்து உலகம் திகைத்தது. "மரணச் சாலை" என்று பெயர் நிலைத்தது.

2019 அக்டோபரில் இதே வரிசையில் "மாடர்ன் வார்பேர்" என்ற விளையாட்டு வந்தது. உர்சிக்ஸ்தான் என்று ஒரு கற்பனை நாடு. அங்கே ஒரு சாலை. இருபுறமும் எரிந்த வண்டிகள். அதன் பெயர் மரணச் சாலை. குண்டு போட்டது யார் என்று கதாநாயகி சொல்கிறாள். ரஷியர்களாம்! தப்பி ஓடிய மக்களைக் கொன்றார்களாம்.

ரஷியாவில் கண்டனம் எழுந்தது. அமெரிக்காவிலும் பலர் கேட்டார்கள். நாடு கற்பனை, சாலையும் கற்பனை, பெயர் மட்டும்தான் ஒன்று என்று ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். அப்படியானால் வேறு பெயர் வைத்து இருக்கலாமே! மேசன் கதை பொய் என்று ஆடுகிறவனுக்கே தெரியும். பிரமை என்று கதையே ஒத்துக் கொள்கிறது. இங்கே அப்படி இல்லை. ஒருவர் செய்ததை எடுத்து மற்றவர் தலையில் கட்டி இருக்கிறார்கள். ரஷியர்கள் செய்த கொடுமைகள் வேறு உண்டு. அவற்றைச் சொல்லி இருக்கலாம். பன்னிரண்டு வயதுப் பையன் அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் ஊர்ந்து ஊர்ந்து ஆடுகிறான். பிறகு பள்ளிப் பாடத்தில் மரணச் சாலை என்று வந்தால் அவனுக்கு எது நினைவுக்கு வரும்? புத்தகத்தில் இரண்டு வரி. விளையாட்டில் ஒரு மணி நேரம்.

பன்னிரண்டு வயதுப் பையன் ஆடவே கூடாது என்பது வயது வரம்புப்படி சரி. ஐரோப்பாவில் இந்த விளையாட்டுகளின் பெட்டி மேல் 18 என்று அச்சிட்டு இருக்கும். அமெரிக்காவில் 17. வீட்டில் எத்தனை பேர் அந்த எண்ணைப் பார்க்கிறோம்? மேசனை அதட்டியவர்கள் கேட்ட எண்ணை விட இந்த எண்ணுக்குப் பொருள் சுலபம். பையன் ஆடுகிறான் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பாருங்கள். "இந்தக் காஸ்ட்ரோ யார்? இவர் எப்போது செத்தார்?" என்று கேளுங்கள். நூல் நிலையத்தில் போய்ப் பார்த்து வரட்டும். விஷ பேனாக் கதை கிடைத்தால் அவன் விளையாட்டையே மறந்து விடுவான்.

2023 அக்டோபரில் மைக்ரோசாப்ட் கம்பெனி இந்த விளையாட்டுக் கம்பெனியைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கியது. 2024-ல் வந்த ஆறாம் பாகத்தின் காலம் 1991, அதே வளைகுடா யுத்தம். 2025 நவம்பரில் ஏழாம் பாகம் வந்தது. அதன் கதை நடக்கும் ஆண்டு 2035. அந்த ஆண்டு இன்னும் பிறக்கவில்லை. அதனால் அதைப் பற்றி எந்தத் தளபதியும் கோர்ட்டுக்குப் போக முடியாது!